மடக்குக் கத்திக்குள் ஒரு ஊர்

பேனாக்கத்தி என்ற சொல்லில் ஒரு காலம் உறைந்து கிடக்கிறது. பள்ளிப் பையன் பென்சில் சீவவும், தாத்தா திண்ணையில் அமர்ந்து மாம்பழம் நறுக்கவும் பயன்படுத்திய அந்தச் சின்ன மடக்குக் கத்திக்கும் பேனாவுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. பேனா என்பது வாத்தின் இறகாக இருந்த நாட்களில் அதன் முனையை அடிக்கடி சீவ வேண்டியிருந்தது. அதற்காகச் சட்டைப்பையில் இருந்ததுதான் இந்தக் கத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோக முனைகள் வந்ததும் இறகு விடைபெற்றது. கத்தியும் அதன் பெயரும் தங்கிவிட்டன.

அந்தக் கத்தியை உலகத்தின் சட்டைப்பைகளுக்குக் கொண்டுசேர்த்த ஊர்களில் முதன்மையானது இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஷெஃபீல்டு. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். தாஜ்மகாலோ ஈஃபில் கோபுரமோ இங்கே இல்லை. மேடும் பள்ளமுமான தெருக்கள், சிவப்புச் செங்கல் பட்டறைகள், அவற்றில் பாதி இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மதுக்கூடங்களாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பழைய மடக்குக் கத்தி சேகரிப்பவர்களுக்கு இது ஒரு காசி. சந்தையில் வாங்கிய ஒரு துருப்பிடித்த கத்தியின் வயதைக் கணிக்க வேண்டுமானால், கடைசியில் இந்த ஊரின் தெருப் பெயர்களில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஊர் கத்திக்குப் பேர்போனதற்குக் காரணம் நிலமும் நீரும். டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் என்று ஐந்து ஆறுகள் மலைச் சரிவுகளிலிருந்து வேகமாக இறங்கி வருகின்றன. அவற்றில் நீர்ச்சக்கரம் வைத்துச் சாணைக்கல்லைச் சுழற்றினார்கள். கல்லும் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது. 1297ஆம் ஆண்டு வரிக் கணக்கிலேயே இங்கே ஒரு கத்திக்காரர் பதிவாகியிருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டுக் கவி சாசர் தன் கேன்டர்பரி கதைகளில் ஒரு மாவு மில்காரனின் காலுறையில் ஷெஃபீல்டு கத்தியைச் செருகிவைக்கிறார். அப்போதே ஊர்ப் பெயரைச் சொன்னால் கத்தி புரிந்துவிடும் அளவுக்குப் புகழ் இருந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் இங்கே மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, கத்திக்கு ஏற்ற சீரான எஃகும் உள்ளூரிலேயே கிடைத்தது.

ஊரின் நடுவே, தேவாலயத்துக்கு நேர் எதிரே, தூண்கள் தாங்கிய முகப்போடு நிற்கிறது கட்லர்ஸ் ஹால். கத்திக்காரர்கள் சங்கத்தின் மாளிகை. சங்கம் 1624ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1832ல் எழுந்தது. அதே இடத்தில் இது மூன்றாவது. சங்கத்தின் முக்கிய வேலை தரத்தைக் காப்பதும், ஒவ்வொரு கத்திக்காரருக்கும் தனி முத்திரை வழங்கிப் பதிவுசெய்வதும். ஒருவர் முத்திரையை இன்னொருவர் அடித்தால் தண்டனை. நம் ஊரில் சலவைக்காரர் துணியில் வைக்கும் குறி மாதிரி, எழுத்துத் தெரியாதவரும் அடையாளம் கண்டுகொள்ளும் சின்னச் சின்ன வடிவங்கள் அவை: நட்சத்திரம், சிலுவை, இதயம், கிரீடம். தங்களை அறியாமலே அந்தச் சங்கத்தினர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய சேகரிப்பாளர்களுக்கு ஒரு துப்பறியும் நூலை எழுதிவைத்துவிட்டார்கள்.

கழுத்தில் எழுதிய ஜாதகம்

மடக்குக் கத்தியைத் திறந்தால், அலகு கைப்பிடியைச் சந்திக்கும் இடத்தில் கூர்மையில்லாத தட்டையான பகுதி ஒன்று தெரியும். கத்தியின் கழுத்து என்று சொல்லலாம். ஜாதகம் எழுதியிருப்பது அங்கேதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர், முத்திரை, சில சமயம் தெரு முகவரிகூடக் கிடைக்கும்.

ஷெஃபீல்டின் மிகப் பெரிய பெயரான ஜோசஃப் ராஜர்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அதன் முத்திரை. சங்கப் பதிவேட்டில் அந்த முத்திரையின் வயது 1682. இந்தக் குடும்பத்துக்கு அது பிறகு வந்துசேர்ந்தது. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் கத்திக்காரர் என்ற பட்டம் கிடைத்த பிறகு, முத்திரையோடு கிரீடமும் மன்னரின் முதலெழுத்துகளும் சேர்ந்துகொண்டன. 1837ல் விக்டோரியா அரியணை ஏறியதும் எழுத்துகள் 'வி ஆர்' ஆயின. 1901ல் எட்வர்டு வந்ததும் 'இ ஆர்'. ஆகவே 'வி ஆர்' என்றிருந்தால் 64 ஆண்டு கால இடைவெளிக்குள் கத்தி வந்துவிடுகிறது.

அந்த இடைவெளியைச் சுருக்க உதவியது ஓர் அமெரிக்கச் சட்டம். 1890ல் நிறைவேறிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கத்திகளின் கழுத்தில் 'இங்கிலாந்து' என்ற சொல் ஏறியது. எனவே 'வி ஆர்' எழுத்தும் 'இங்கிலாந்து' என்ற சொல்லும் ஒரே கத்தியில் இருந்தால், அது 1891க்கும் 1901க்கும் இடையே பிறந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 64 ஆண்டுகள் பத்தாகச் சுருங்கிவிட்டன.

ஆனால் இதே கணக்கைத் தலைகீழாகப் போட முடியாது. 'இங்கிலாந்து' என்று இல்லாததால் கத்தி 1891க்கு முந்தியது என்று விற்பவர் சொன்னால் உஷாராக வேண்டும். உள்நாட்டில் விற்ற கத்திக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது. இன்னொரு பொறி 'ஜி ஆர்' எழுத்துகள். 1820களில் ஆண்ட நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். 1910 முதல் 1936 வரை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜும், அவருக்குப் பின் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். நூறாண்டு வித்தியாசம், அதே இரண்டு எழுத்துகள். விலையிலும் அதே அளவு வித்தியாசம். எழுத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக்கொடுப்பவர்களால்தான் பல வியாபாரிகளின் அடுப்பு எரிகிறது.

ராஜர்ஸுக்குப் போட்டியாளர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். அவரது முத்திரை 'ஐ எக்ஸ் எல்'. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் 'நான் மிஞ்சுகிறேன்' என்று ஒலிக்கும். அமெரிக்கச் சந்தையை நம்பியே வாழ்ந்தவர் அவர். 1848ல் வாங்கிய தன் தொழிற்சாலைக்கு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் பெயரால் வாஷிங்டன் ஒர்க்ஸ் என்று பெயர் வைத்தார். கழுத்தில் அந்தத் தொழிற்சாலைப் பெயர் இருந்தால் கத்தி 1848க்குப் பிந்தியது என்பது நிச்சயம்.

புகழ் இருந்தால் போலியும் வரும். ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரிலிருந்து 'ஷெஃபீல்டு' என்று அச்சிட்ட கத்திகள் வந்து குவிந்தன. ஷெஃபீல்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 1887ல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மன் பொருளில் 'மேட் இன் ஜெர்மனி' என்று பொறிக்க வேண்டியதாயிற்று. அவமானக் குறியாக நினைத்தது சில பத்தாண்டுகளில் தரத்தின் குறியாக மாறிவிட்டது தனிக் கதை.

கொம்பும் தந்தமும்

எழுத்து அழிந்துபோன கத்திகளும் பேசும். அலகு துருப்பிடிக்காத எஃகு என்றால் அது முதல் உலகப் போர்க் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க ஆய்வு செய்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி 1913ல் ஷெஃபீல்டில்தான் அந்த எஃகை உருக்கினார். அடுத்த ஆண்டு உள்ளூரில் மோஸ்லி நிறுவனத்தின் போர்ட்லண்ட் ஒர்க்ஸ் பட்டறையில் அதைக் கத்தியாக அடித்தார்கள். வினிகரில் போட்டும் கறை படியவில்லை என்பதால் 'ஸ்டெய்ன்லெஸ்' என்ற பெயரை அங்கிருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் வைத்தார். நம் சமையலறைகளில் 'எவர்சில்வர்' என்று குடியேறிய உலோகத்தின் ஒரு வேர் இந்தப் பட்டறையில் இருக்கிறது.

கைப்பிடியும் சாட்சி சொல்லும். செல்லுலாய்டு 1870களுக்கு முன் கிடையாது. தேய்த்துச் சூடேற்றினால் கற்பூர வாடை வரும். அது வயதாக ஆகச் சிதைந்து, வெளியிடும் ஆவியால் பக்கத்தில் உள்ள நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். அனுபவசாலிகள் செல்லுலாய்டு கத்திகளைத் தனிப் பெட்டியில் வைப்பது அதனால்தான். கைப்பிடியின் முனைகளில் உள்ள பூண் வெறும் இரும்பா, நிக்கல் வெள்ளியா என்பதும் ஒரு தடயம். நிக்கல் வெள்ளி பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

வயதை ஆண்டு பிசகாமல் அறிய விரும்பும் புதியவர்களுக்கு ஷெஃபீல்டு இரண்டு சலுகைகளை வைத்திருக்கிறது. ஒன்று, வெள்ளி அலகுள்ள பழக் கத்தி. பழத்தின் புளிப்பு பட்டால் அக்கால எஃகு கறுத்து, பழத்துக்கும் இரும்பு வாடை வரும். அதனால் வசதியானவர்கள் முத்துச்சிப்பிக் கைப்பிடியும் வெள்ளி அலகும் கொண்ட மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள். வெள்ளி என்றால் அரசு முத்திரை கட்டாயம். ஷெஃபீல்டில் தர ஆய்வு அலுவலகம் தொடங்கியது 1773ல். அதன் அடையாளம் கிரீடம். 1975 முதல் ரோஜா. கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. முதல் ஐம்பது ஆண்டுகள் இந்த எழுத்துகள் அகர வரிசையில் போகாமல் தாறுமாறாக வரும் என்பதால் அட்டவணை இல்லாமல் படிக்க முடியாது. வரி கட்டியதற்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை மன்னரின் தலையும் இருக்கும். நான்கைந்து புள்ளிகள் போலத் தெரியும் இந்தக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பிறந்த ஆண்டையே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, படைவீரர்களின் கத்தி. பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த கனமான மடக்குக் கத்திகளில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறியும், பலவற்றில் ஆண்டும் பொறித்திருக்கும். அழகில்லை, சந்தேகமும் இல்லை.

கைப்பிடிகளின் கதையில் இந்தியாவும் உள்ளே வருகிறது. சேகரிப்பாளர்கள் உயர்வாக மதிக்கும் சொரசொரப்பான கொம்புக் கைப்பிடி பெரும்பாலும் நம் காடுகளின் கடமான் கொம்பு. தமிழகத்தின் தெற்கே மிளா என்று சொல்கிற அதே விலங்கு. ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்புகள் கப்பலேறி ஷெஃபீல்டு, ஜோலிங்கன் பட்டறைகளுக்குப் போயின. கடமான் கொம்பு கெட்டியானது, உள்ளே சோறு குறைவு, பிடிக்கு வழுக்காது. ராஜர்ஸ் நிறுவனத்துக்குக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கிளைகள் இருந்தன. இந்தியக் கொம்பு கத்தியாக மாறி இந்தியாவுக்கே திரும்பிவந்து நல்ல விலைக்கு விற்றது. பருத்தி துணியாகத் திரும்பிவந்த கதையின் சின்னப் பதிப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வழியை அடைத்தன. இன்று கத்தி செய்பவர்கள் பழைய இருப்பையோ எலும்பையோ நாடுகிறார்கள்.

தந்தம் இன்னும் சிக்கலானது. ராஜர்ஸின் கிடங்கில் யானைத் தந்தங்கள் விறகு மாதிரி அடுக்கிக் கிடக்கும் பழைய படங்கள் உண்டு. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018ல் நிறைவேறி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947க்கு முந்தியது, தந்தம் 10 சதவீதத்துக்கும் குறைவு என்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உள்ளன. கைப்பிடியே தந்தம் என்றால் சின்னக் கத்தி இந்தக் கணக்கில் தேறுவது கடினம். இந்தியாவிலோ 1991 முதல் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்துக்கும் தடை. அழகாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறும் இந்தியப் பயணிக்கு இரண்டு நாட்டிலும் வம்பு காத்திருக்கிறது.

பெயரில்லாத கைகள்

முத்திரை எல்லாவற்றையும் சொல்கிறது, செய்தவர் யார் என்பதைத் தவிர. கழுத்தில் இருப்பது முதலாளியின் பெயர். அல்லது வாங்கி விற்ற கடையின் பெயர். அலகை அடித்தவர் ஒருவர், சாணை பிடித்தவர் ஒருவர், ஸ்பிரிங்கும் கைப்பிடியும் பொருத்தியவர் இன்னொருவர். இவர்களில் பலர் தனித்தனியாகச் சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்து, கூலிக்கு வேலை செய்தவர்கள். 'லிட்டில் மெஸ்டர்' என்பது அவர்களுக்கு ஊர் வைத்த பெயர். சின்ன எஜமான் என்று அர்த்தம். எஜமான் என்பது பெயரளவில்தான்.

சாணை பிடித்தவர்கள் மரக் குதிரை போன்ற இருக்கையில் குப்புறச் சாய்ந்து, சுழலும் கல்லுக்கு மேல் முகத்தை வைத்து நாள் முழுதும் உழைத்தார்கள். கல்தூளும் எஃகுத்தூளும் நுரையீரலில் படிந்தன. தண்ணீர் விடாமல் உலர் சாணை பிடித்தவர்களில் முப்பதுகளைத் தாண்டாதவர்கள் ஏராளம். சில சமயம் கல்லே வெடித்து ஆளைக் கொன்றது. மெருகேற்றும் வேலை பெண்களுடையது. உடம்பில் பழுப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டி, எண்ணெயும் மணலும் தெறிக்க நின்றார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்காக ராஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட நார்ஃபோக் கத்தியைச் செய்தது. அதற்கும் முன்பு, 1822ல், ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 1,822 அலகுகள் விரியும் ஒரு கத்தி. உலகம் வாயைப் பிளந்து பார்த்தது. அந்த அலகுகளில் ஒன்றுகூடச் சாணை பிடித்தவரின் பெயரைச் சொல்லவில்லை.

இதனால்தான் பழைய கத்தியைப் பளபளவென்று தேய்ப்பதை நல்ல சேகரிப்பாளர்கள் குற்றமாகவே கருதுகிறார்கள். எஃகில் படிந்த கரும்பழுப்பு நிறம், சாணைக்கல்லின் மெல்லிய கோடுகள், கழுத்தில் பாதி தேய்ந்த எழுத்து எல்லாமே ஆதாரம். இயந்திரத்தில் கொடுத்து மெருகேற்றினால் அரை நிமிடத்தில் 150 ஆண்டு காணாமல் போய்விடும். விலையும் சரியும். லேசாக எண்ணெய் தடவி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். தோல் உறையில் போட்டு வைப்பதும் தவறு. தோலைப் பதப்படுத்திய ரசாயனம் எஃகைத் தின்னும்.

வாங்கும்போது காதையும் பயன்படுத்த வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய பாடம். கத்திக்கு 'நடையும் பேச்சும்' இருக்க வேண்டும் என்பார்கள். திறக்கும்போது தடங்கல் இல்லாமல் நகர்ந்து, மூடும்போது 'டக்' என்று சொல்ல வேண்டும். ஓர் அலகு மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாகத் தெரிந்தாலோ, ஆணிகளின் தலை ஒன்றுக்கொன்று வேறுபட்டாலோ, இரண்டு உடைந்த கத்திகளைச் சேர்த்து ஒரு 'பழைய' கத்தி பிறந்திருக்கிறது என்று பொருள்.

மிச்சமிருப்பவை

ஷெஃபீல்டுக்குப் போகிறவர்கள் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தைத் தவிர்க்கக் கூடாது. டான் ஆற்றையும் பழைய நீர்க்கால்வாயையும் ஒட்டிய பழைய தொழிற்பகுதியில் 1982ல் திறந்தது. கருவிக் கடை நடத்திய கென் ஹாலி என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஷெஃபீல்டுக் கருவிகளும் கத்திகளும் இங்கே தனிக்கூடத்தில் இருக்கின்றன. முடிந்த பொருட்களை மட்டுமல்ல, பாதி செய்த அலகுகளையும் விலைப்பட்டியல்களையும் அவர் சேர்த்தார். அவர் 2014ல் காலமானார். முத்திரைகளைத் தேடுகிறவர்களுக்கு 1787ஆம் ஆண்டு ஊர் விவரக் கையேடே படங்களோடு இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ட்வீடேல் தொகுத்த கத்தி நிறுவனங்களின் அகராதி, சேகரிப்பாளர்களுக்குப் பஞ்சாங்கம் மாதிரி.

பெரிய நிறுவனங்கள் நிலைக்கவில்லை. அமெரிக்கா தன் கத்திகளைத் தானே செய்துகொண்டது. பிறகு ஜப்பானும் மற்றவர்களும் மலிவாக வந்தார்கள். ராஜர்ஸும் வோஸ்டன்ஹோமும் நூறாண்டுப் பகையை மறந்து 1970களில் ஒன்றானபோது இருவருக்குமே காலம் கடந்திருந்தது. வாஷிங்டன் ஒர்க்ஸ் இடிபட்டது. நட்சத்திரமும் சிலுவையும் ஐ எக்ஸ் எல் எழுத்துகளும் கைமாறி இன்றும் புதிய கத்திகளில் வருகின்றன. வயது கணிப்பவர்களுக்கு இது இன்னொரு எச்சரிக்கை: பழைய முத்திரை, பழைய கத்தி ஆகாது.

கைவேலையின் கடைசிப் பெரிய பெயர் ஸ்டான் ஷா. 1941ல், 14 வயதில், இபர்சன் நிறுவனத்தில் சேர்ந்தவர். பழைய உள்ளூர்க் கைவினைஞர்களிடம் தொழில் படித்து, கடைசியில் தனி ஆளாக, அலகு முதல் ஆணி வரை கையாலேயே செய்தார். கெல்ஹாம் ஐலண்டில் அவரது பட்டறையைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். அவரிடம் ஒரு கத்தி வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021ல் 94 வயதில் மறைந்தார். மடக்குக் கத்தி செய்வது இன்று பிரிட்டனில் அழியும் அபாயத்தில் உள்ள கைத்தொழில்களின் பட்டியலில் இருக்கிறது.

முழுக்க அணைந்துவிடவில்லை. எவர்சில்வர் பிறந்த போர்ட்லண்ட் ஒர்க்ஸை அடுக்குமாடியாக்கும் திட்டம் வந்தபோது ஊர்க்காரர்களும் பட்டறைக்காரர்களும் பங்குப்பணம் போட்டு 2013ல் வாங்கிவிட்டார்கள். அதன் முற்றத்தில் இன்றும் கத்தி செய்கிறார்கள். அங்கே செய்யும் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதிலும் பிரிட்டனில் கணக்கு உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டிக்கொள்ளாத, மூன்று அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள மடக்குக் கத்திக்கு மட்டுமே பொது இடத்தில் காரணம் கேட்க மாட்டார்கள். இறகு சீவப் பிறந்த பேனாக்கத்தி அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

ஸ்டான் ஷாவின் கத்திகளை இனி சேகரிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசர் எழுத்தையும் அமெரிக்கச் சட்டத்தையும் தேட வேண்டியதில்லை. அவர் தனக்காகச் செய்த அலகுகளின் கழுத்தில் இருப்பது முதலாளியின் பெயரல்ல, செய்தவரின் பெயர்.